மாறவில்லை எனக் கொள்க

லியெபாயாவில் டிராம் ஒரே தடம்தான்.
போகும், திரும்பி வரும்.
அதை நடத்தும் நிரலுக்கு மட்டும்
ஆயிரத்து நானூறு கோப்புகள்.
சிரிக்காதீர்கள்,
என் வீட்டு வாடகை அதிலிருந்துதான்.

திரையின் இடப்பக்கம் ஒரு பட்டி.
கைபட்ட கோப்புக்கு மஞ்சள் பென்சில்,
புதிதாய் வந்ததற்குக் கேள்விக்குறி,
போனதன்மேல் சிவப்புக் கோடு.
காலையில் வந்ததும் அதைத்தான் பார்ப்பேன்,
சிலர் ராசிபலன் பார்ப்பதுபோல்.

பிப்ரவரியில்
பழைய கணினியின் விசிறி
இருமி இருமி நின்றது.
அது அக்ரிஸ் விட்டுப்போன கணினி.
அவன் அயர்லாந்து போய் இரண்டு வருடம்.
புதிய கணினி வந்தது.
சர்வரிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன்.
பட்டி காலி,
கழுவிக் கவிழ்த்த தட்டுபோல.
நிறுத்தங்களின் விளக்குகளுக்கு அன்றிரவே
புதியதிலிருந்து அனுப்பினேன்.
(அப்படி அனுப்பக் கூடாதுதான். அப்படித்தான் அனுப்புகிறோம்.)

வியாழன், டிராம் ஓட்டும் மிர்ட்ஸாவின் போன்.
"ஸைகா, மீன்சாலை நிறுத்தத்தில்
விளக்கு முந்துகிறது."
"முந்தவில்லை. அட்டவணைப்படிதான்."
"அட்டவணையை நீயே வைத்துக்கொள்.
காலை ஆறு பன்னிரண்டு.
இரவு ஷிஃப்ட் விட்டுப் பெண்கள் ஓடி வருகிறார்கள்.
ரப்பர் பூட்ஸைக் கழற்ற வேண்டாமா?
கண்ணாடியில் தெரிகிறார்கள்,
கையசைத்துக்கொண்டே சின்னதாகிறார்கள்.
பச்சை விழுந்தபின் நான் நிற்கக் கூடாது,
உனக்கே தெரியும்."

பழைய வட்டை உருவி
கேபிளில் மாட்டித் திறந்தேன்.
பட்டி காலி.
வரலாற்றிலும் ஒன்றுமில்லை.
கோப்பையே திறந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
சர்வர் சொல்வது பூஜ்யம்,
இங்கே நாற்பது.

இத்தனை நாள் என் கண்முன்
மாறிக் கிடந்த ஒரு கோப்பை
மாறவே இல்லை என்று
சாதித்திருக்கிறது இந்தப் பட்டி.

வலது சொடுக்கு.
மெனுவுக்குள் மெனு, அதற்குள் ஒன்று.
யாரும் போகாத அந்த மூலையில்
சின்னதாய் ஒரு டிக்:
மாறவில்லை எனக் கொள்க.
கண்டும் காணாமல் இருக்க
நிரலுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

அக்ரிஸுக்கு எழுதினேன்.
மதியம் பதில் வந்தது:
"அந்த நாற்பதா! முறையாய்க் கேட்டால்
மூன்று கையெழுத்து. அதற்குள்
குளிர்காலமே முடிந்துவிடும்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இது ஏட்டிலேயே இல்லாத சுரைக்காய்,
இரண்டு குளிர்காலம் கறிக்கு ஆகியிருக்கிறது.

டிக்கை எடுத்தேன்.
மஞ்சள் பென்சில் துள்ளிக்கொண்டு வந்தது,
நீருக்கடியில் மூச்சடக்கி இருந்தவன்
தலையை நீட்டியதுபோல்.

திரும்பவும் மறைத்துவிடலாம்.
ஒரு சொடுக்குதான்.
ஆனால் இந்த விசிறியும் ஒருநாள் இருமும்.

கோப்பைப் புதிய கணினிக்கு எடுத்து வந்து
பெட்டியில் டிக் போட்டு,
கமிட் பொத்தானை அழுத்தினேன்.
மறுத்தது. காரணம் எழுத வேண்டுமாம்.

"பிழை திருத்தம்" என்று எழுதி அழித்தேன்.
பிழை யாருடையது?
"பயணிகள் வசதி" என்றும் எழுதினேன்.
மேயர் பேசுவதுபோல் இருந்தது.
கடைசியில் எழுதியது:
மீன்சாலை நிறுத்தம். காலை 6:12.
நாற்பது விநாடி. பூட்ஸ்.

எழுதியவர் என்ற இடத்தில்
என் பெயர் தானாக வந்து நின்றது.
அக்ரிஸ் என்று மாற்றப் பார்த்தேன்.
கேள்வி வந்தால் கார்க்கில் இருப்பவனிடமா கேட்பார்கள்?
என் பெயரே இருக்கட்டும்.

விஸ்வால்டிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"பூட்ஸ்?"
"பூட்ஸ்," என்றேன்.
வெகுநேரம் அந்த மூன்றெழுத்தைப் பார்த்துவிட்டு
முதல் கையெழுத்தைப் போட்டார்.
இன்னும் இரண்டு பாக்கி.
விளக்குகளுக்கு நேற்றே அனுப்பிவிட்டேன் என்று
அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளி, மிர்ட்ஸா போன் செய்யவில்லை.
சனியும் இல்லை.
நன்றி எனக் கொண்டேன்.